ஆறு நாள் மாத்திரை பாக்கி

என்னை முதலில் ஏமாற்றியவன் சடையப்பன். அதோ பாருங்கள், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், மஞ்சள் பையை மடியில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். என் சித்தப்பா மகன். என்னைவிட ஆறு மாதம் இளையவன். அந்தப் பை என்னுடையது. பைக்குள் இருப்பதும் என்னுடையது. பக்கத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்திருக்கிறான், பார்த்தீர்களா? எனக்காகத்தான். நான் அங்கே உட்காரமாட்டேன். அதனால்தான் உங்களைக் கொஞ்சம் நகரச் சொன்னேன். சிரமம் இல்லையே, தம்பி? எங்கே இறங்குகிறீர்கள்? கடைசி ஸ்டாப்பா? நல்லதாகப் போயிற்று. ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது.

எனக்கும் அவனுக்கும் ஒரே கிணறு. எங்கள் பாட்டன் வெட்டியது. ஒரு நாள் அவன் முறை, ஒரு நாள் என் முறை. என் முறையன்று கரண்ட் போய்விட்டால், மோட்டார் புகைந்துவிட்டால், அந்த முறை செத்துப்போகாது. அடுத்த சுற்றில் சேர்த்து இறைத்துக்கொள்ளலாம். கூட்டுக் கிணறு வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். விட்ட முறையைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். என் மகள் வளர்மதிக்குக் காது குத்திய வருடம், பங்குனியில், என் முறையன்று நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அடுத்த சுற்றில் போய்க் கேட்டேன். "மொளகா வாடுதுண்ணே, அப்புறம் தாரேன்" என்றான். வளர்மதி மகளுக்கே காது குத்தியாகிவிட்டது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

அது பழைய கதை. விடுங்கள். நான் சொல்ல வந்தது மாத்திரைக் கதை.

போன தை மாதம் வரைக்கும் எங்கள் ஊரில் என்னைவிட அதிகம் மாத்திரை போடுகிற ஆள் கிடையாது. ஒரு நாளைக்குப் பதினான்கு. பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லையா? சரி, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சடையப்பனுக்கும் சர்க்கரை இருக்கிறது. அவனுக்கு வெறும் மூன்று.

பதினான்கும் ஒரே இடத்தில் கொடுத்ததல்ல. மாதா மாதம் அரசாங்கத்திலிருந்து சகாயமேரி என்று ஒரு பெண் வீடு வீடாக வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும். தங்கமான பெண். "தாத்தா, போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டும். அது கொடுப்பது ஐந்து. பிறகு, திருப்பூரிலிருந்து வந்த என் மாப்பிள்ளை, "சும்மா கொடுக்குற மாத்திரைல என்ன இருக்கப்போகுது மாமா" என்று டவுனில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் கொடுத்தது ஆறு. முழங்கால் வலிக்கு எங்கள் ஊர் மருந்துக்கடை ராஜாங்கம் கொடுக்கிற செட். செட் என்றால் தெரியுமல்லவா? பேப்பரில் மடித்துத் தருவான், மூன்று இருக்கும். என்ன ஏது என்று கேட்கக்கூடாது. கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். மொத்தம் பதினான்கு ஆயிற்றா?

ஒன்றோடு ஒன்று கலந்துவிடக்கூடாது என்று பத்திரமாக வைத்திருந்தேன். சகாயமேரி கொடுத்தது சாமி படத்துக்குப் பின்னால். டவுன் டாக்டர் கொடுத்தது டிரங்குப் பெட்டியில். ராஜாங்கம் செட் சட்டைப் பையில். ஒருவர் கொடுப்பதை இன்னொருவரிடம் நான் மூச்சு விட்டதில்லை. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, அடுத்த கல்யாண வீட்டில் "நான் அங்கேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று சொன்னால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் வைத்துவிட்டுத்தானே எழுந்திருக்கிறோம்? அப்படித்தான் இதுவும். சகாயமேரி, "வேற எங்கயாச்சும் பாக்குறீங்களா தாத்தா?" என்று கேட்கும். "உன்ன விட்டா எனக்கு யாரு தாயி?" என்பேன். அதன் முகம் மலர்ந்துவிடும். டவுன் டாக்டரும் கேட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னேன், தாயி மட்டும் போடவில்லை.

இத்தனை போட்டும் உடம்பு அவ்வளவு நன்றாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு மணியானால் கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். எழுந்தால் தலை சுற்றும். தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் சொன்னேன், அதற்கு ஒன்று கொடுத்தார். அது வயிற்றைப் புரட்டியது. வயிற்றுக்கு ராஜாங்கம் செட்டில் ஒன்றைக் கூட்டினான். இப்படித்தான் பதினான்கு ஆயிற்று. வயசானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

மாசியில் எங்கள் ஊர் காளியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். நான் வருஷா வருஷம் கட்டிக்கொள்கிறவன். எட்டு நாள். கவிச்சி தொடக்கூடாது, ஊரைத் தாண்டக்கூடாது, சுத்தபத்தமாக இருக்க வேண்டும். காப்புக் கட்டிய மறுநாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து, மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாக விழுங்கப்போனேன். டீக்கடையில் போடுவதுதான் வழக்கம். வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்? வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

இந்தச் சடையப்பன் எதிர் பெஞ்சில் இருந்தான்.

"என்னண்ணே, கையில காப்பு, வாயில எலும்பா?" என்றான்.

"என்னடா எலும்பு?"

"அந்தக் கொழா மாத்திர இருக்குல்ல, பாதி செவப்பு பாதி மஞ்சளா. அதோட மேல்தோலு மாட்டெலும்பக் காச்சிச் செய்யிறது. எங்க மச்சினன் மகன் சொன்னான். மருந்து கம்பெனியில வேல பாக்குறான்."

"போடா, சும்மா சொல்லாத."

"ஒனக்கென்னண்ணே, ஆத்தா கேட்டா மாத்திரதான தின்னேன்னு சொல்லிடு."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர் டபராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பு பதறிவிட்டது, தம்பி. காப்புக் கையோடு கவிச்சி தொட்ட குடும்பம் எங்கள் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். நேரே வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தேன். என்னிடம் குழாய் மாத்திரை இரண்டு வகைதான். ஆனால் அது மற்ற மாத்திரைகளோடு தினமும் ஒரே உள்ளங்கையில் கிடந்ததல்லவா? தீட்டு ஒன்றோடு நிற்குமா? பதினான்கையும் நிறுத்திவிட்டேன். எட்டு நாளும் ஒன்றைத் தொடவில்லை.

இப்போது கேட்டால் அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "கொழா மாத்திரையத்தான சொன்னேன், பதினாலையும் நிறுத்தச் சொன்னனா?" என்கிறான். நெருப்பைக் கூரையில் வைத்துவிட்டு, வீட்டை எரிக்கச் சொன்னேனா என்று கேட்பது மாதிரி.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த எட்டு நாளும் எனக்குத் தலை சுற்றவில்லை. பதினொரு மணிக்குக் கை நடுங்கவில்லை. முளைப்பாரி ஊர்வலத்தில் கோயிலிலிருந்து குளம் வரைக்கும் கம்பு ஊன்றாமல் நடந்தேன். அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, முழங்கால் கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். எல்லாம் ஆத்தாளின் அருள். மாத்திரை இல்லாமலே என்னைத் தாங்கினாள், பாருங்கள். அந்த நம்பிக்கையெல்லாம் இந்தக் காலத்து டாக்டர்களுக்கு எங்கே புரிகிறது?

மஞ்சள் நீராட்டு முடிந்தது. காப்பை அவிழ்த்தோம். கிடா வெட்டிக் கறிச்சோறு ஆயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தேன். எட்டு நாள் மாத்திரை அப்படியே கிடக்கிறது. விட்ட முறை. என்ன செய்வது?

எட்டு நாளுக்கு உரியதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள நான் பைத்தியம் இல்லை. காய்ந்த வயலில் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வரப்பு உடையும். அது எனக்குத் தெரியாதா? ஒரு சுற்றுக்கு ஒரு முறையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு உரியது பதினான்கு, விட்டதில் ஒரு நாள் பதினான்கு. இப்படி எட்டு நாள் போட்டால் எல்லாம் நேராகிவிடும். நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், சொல்லுங்கள், இதில் என்ன தப்பு? ஏன் முழிக்கிறீர்கள்?

முதல் நாள் இரண்டு பங்கு போட்டேன். கறிச்சோறு மீதி இருந்தது, மூன்று வேளையும் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கொஞ்சம் கிறுகிறுப்பு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுப்பு மூட்ட எனக்குச் சோம்பல். காலை வேளைக்கு உரியதை இரண்டு பங்காகப் போட்டுக்கொண்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அன்றைக்கு என் முறை.

மோட்டாரைப் போட்டது ஞாபகம் இருக்கிறது. மடையைத் திருப்பியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வெங்காயப் பாத்தி மேலே எழுந்து வந்து என் முகத்தில் மோதியது.

கண்ணைத் திறந்தால் நான் வாய்க்காலில் கிடக்கிறேன். என் தலையை மடியில் போட்டுக்கொண்டு இவன். நாக்கு அசையவில்லை. இவன் யார் என்று தெரிகிறது, பெயர் வரவில்லை. இவன் என்ன செய்தான் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாயை எடுத்து, கடித்து நொறுக்கி, என் வாய்க்குள் திணித்தான்! சர்க்கரை வியாதிக்காரன் வாயில் மிட்டாய்! ஒன்றல்ல, நான்கு! துப்பினேன். மறுபடியும் திணித்தான். "முழுங்குண்ணே, முழுங்கித் தொலண்ணே" என்று கன்னத்தில் அறைந்தான். அறைந்தான், தம்பி. சித்தப்பா மகன், ஆறு மாதம் இளையவன், என்னை அறைந்தான். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த மிட்டாய்தான் என் உயிரைக் காப்பாற்றியது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும், சின்னப் பெண், என் பேத்தி வயது இருக்கும். மிட்டாயும் சர்க்கரையும் ஒன்றுதானே? அது எப்படி ஒரு நாள் விஷமாகவும் ஒரு நாள் மருந்தாகவும் இருக்கும்? சரி, அதை விடுங்கள்.

தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு போன குட்டியானை வண்டியை மறித்து, பெட்டிகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்து, டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டான். டாக்டரம்மா ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றி, "அய்யா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். புது இடம். யாரைச் சொன்னால் யாருக்கு வருத்தம் என்று தெரியாதல்லவா? "சும்மா, சக்திக்கு ஒண்ணு ரெண்டு" என்றேன்.

இந்தச் சண்டாளன் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனான். வீட்டுச் சாவி என் அரைஞாணில் இருந்தது, நான் தூங்கும்போது கழற்றியிருக்கிறான். சாமி படத்துக்குப் பின்னால், டிரங்குப் பெட்டியில், சட்டைப் பையில், ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்காரியின் பழைய மாத்திரை கூட ஒரு டப்பாவில் இருந்தது, அதையும் எடுத்து வந்துவிட்டான். அத்தனையையும் அந்த மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து, வார்டில், பத்துப் பேர் பார்க்க, டாக்டரம்மா மேசையில் கொட்டினான்.

என் மானத்தைக் கொட்டினான்.

நர்ஸுகள் கூடிவிட்டார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பின்பக்கம் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய புருவம் மேலே போனது. பிறகு இரண்டு அட்டையை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"அய்யா, இது வீட்டுக்கு வர்ற பொண்ணு கொடுத்தது. இது டாக்டர் கொடுத்தது. ரெண்டும் ஒண்ணு. பேருதான் வேற. இத்தன மாசமா சர்க்கர மாத்திரைய ரெண்டு மடங்கு போட்டிருக்கீங்க."

"அது எப்பிடிம்மா ஒண்ணாவும்? இது வெள்ள, ரவுண்டா இருக்கு. அது ரோஸு, நீட்டமா இருக்கு."

"கம்பெனி வேற அய்யா. மருந்து ஒண்ணுதான்."

"ரெண்டு பேரும் எம்மேல வச்ச அக்கறைல கொடுத்தது. ஒண்ணா இருந்தா கொடுப்பாங்களா?"

"நீங்க ஒருத்தரப் பத்தி ஒருத்தர்கிட்ட சொன்னீங்களா?"

இவன் பின்னால் நின்றுகொண்டு, "அதெல்லாம் சொல்ல மாட்டாரும்மா, பெரிய மனுசன்" என்றான். கேட்டீர்களா, குத்தலை?

அதோடு விடவில்லை. டாக்டரம்மா கேட்கக் கேட்க, காப்புக் கட்டியது, எட்டு நாள் நிறுத்தியது, எல்லாவற்றையும் இவனே ஒப்பித்தான். தான் எலும்புக் கதை சொன்னதையும் சொன்னான், அதை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான். அப்புறம் இரண்டு பங்காகப் போட்டதை நானே சொல்லிவிட்டேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது? டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வெங்காயப் பாத்தியில் யாரும் பார்க்காமல் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டேன் என்று பிறகு வளர்மதியிடம் சொன்னாராம்.

பதினான்கில் பத்தைப் பிடுங்கிக்கொண்டார், தம்பி. நான்குதான் மிச்சம். காலையில் மூன்று, ராத்திரி ஒன்று. பத்து மாத்திரை! யாராவது கேட்பார்களா? சடையப்பனுக்கு மூன்று, எனக்கு நான்கு. ஊருக்குப் போய் எந்த முகத்தோடு டீக்கடையில் உட்காருவது?

நான்கு நாள் ஆஸ்பத்திரி. வளர்மதி திருப்பூரிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். வந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு ஒரே பிடியாகப் பிடித்தாள். "இனி ஒங்களத் தனியா விடமாட்டேன், எங்கூட வந்துடுங்க." திருப்பூரில் அவளுக்கு மூன்றாவது மாடி. கீழே இறங்கினால் தெரு முழுக்கப் பனியன் மூட்டை. மண்ணை மிதிக்க வழி கிடையாது. ஒருமுறை பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன், ஜன்னல் கம்பியைப் பிடித்தே பத்து நாள் போயிற்று. அங்கே போனால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட வேண்டும். குத்தகைக்கு யார் எடுப்பான்? பக்கத்துத் தோட்டக்காரன்தானே? கிணறு முழுக்க அவன் கைக்குப் போய்விடும். இதெல்லாம் அவன் திட்டம் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் கள்ளன் என்ன செய்தான்? "வளரு, அண்ணன அங்க கொண்டுபோய் அடைக்காத. செத்துப்போவாரு. மாத்திரைய எங்கிட்ட குடு, ரெண்டு வேளையும் நான் எண்ணிக் குடுக்குறேன்" என்றான். அவளும், "அப்ப ஒரு மாசம் பாப்போம் சித்தப்பா. ஒரு மாசம் கழிச்சு டாக்டரம்மா என்ன சொல்றாங்களோ அதான்" என்று பையைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டாள். என் முன்னாலேயே. நான் ஒருவன் கட்டிலில் இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல்.

வீட்டுக்கு வந்தால், என் வெங்காயம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. நான்கு நாளும் என் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. இடையில் அவன் முறை இரண்டு வந்தது. அந்த இரண்டு நாளும் மோட்டாரைப் போட்டு என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறான். அவன் மிளகாய் துவண்டு கிடக்கிறது. "பழைய மொறைக்குச் சரியாப் போச்சாண்ணே?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான். எப்படிச் சரியாகும்? நான் கேட்ட அன்றைக்குக் கொடுக்கவில்லை. இப்போது நான் கேட்காமல் கொடுக்கிறான். கேட்காமல் கொடுத்தது கடனில் கழியுமா? அது தருமம். எனக்குத் தருமம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஒரு மாதம் பட்ட பாட்டைக் கேளுங்கள். காலையிலும் ராத்திரியிலும் நான் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவன் கையை நீட்டச் சொல்லி எண்ணி வைப்பான். அதுவும் சும்மா கொடுக்கமாட்டான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

"இட்லி."

"ஒன் வீட்டுல அடுப்புப் பொகையவே இல்ல. இட்லி ஆகாசத்துலருந்து வந்துச்சா? உள்ள வா."

"ஒன் வீட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"காலு வைக்காட்டிப் போ. பிச்சம்மா, தட்ட வெளிய கொண்டா."

அவன் பெண்டாட்டி பிச்சையம்மாள் தட்டோடு வெளியே வந்து, "சாப்பிடுங்க மாமா, ஆறிடும்" என்று நிற்கும். அது நல்ல பெண், அதன் முகத்துக்காகச் சாப்பிடுவேன். வாசலில் நின்றபடியே சாப்பிடுவேன். இரண்டு வேளை, ஒரு மாதம், ஒரு வேளை தவறாமல். என்ன அநியாயம் பாருங்கள், மாத்திரையைக் காட்டி மிரட்டி மனுஷனுக்குச் சோறு போடுகிறான்.

இடையில் ஒரு நாள் ராஜாங்கம் கடைக்குப் போனேன், முழங்காலுக்கு ஒரு செட் வாங்கலாம் என்று. எனக்கு முன்னால் இவன் போய்ச் சொல்லி வைத்திருக்கிறான். "ஒங்களுக்குக் குடுத்தா ஒங்க தம்பி கடைக்கு முன்னால உக்காந்துருவேன்னுட்டாரு" என்று கைகழுவிவிட்டான் ராஜாங்கம். சகாயமேரியிடமும் சொல்லிவிட்டான். அந்தப் பெண் கண்கலங்கி, "என்ன விட்டா யாருமில்லன்னு சொன்னீங்களே தாத்தா" என்றது. இப்போது வந்தால் என்னிடம் பேசுவதற்கு முன்னால் அவனிடம் நோட்டைக் காட்டிவிட்டுத்தான் வருகிறது. ஒவ்வொருவராக என்னிடமிருந்து பிரித்துவிட்டான்.

ஒரு மாதம் இன்றைக்கு முடிந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். பையை எனக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி டாக்டரம்மாவிடம் கேட்டுவிட வேண்டும் என்று வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சரி என்றால், இவன் வீட்டு வாசலில் நான் நிற்க வேண்டியதில்லை. என் மாத்திரை, என் வீடு, என் கை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ரத்தம் எடுத்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "தாத்தா, சூப்பரா இருக்கீங்க. தலசுத்தல் இருக்கா?" இல்லை. "கை நடுக்கம்?" இல்லை. உண்மையாகவே இல்லை. ஆத்தா அன்றைக்குக் கொடுத்த பலம் இன்னும் உடம்பில் நிற்கிறது. நான் பேச்சை எடுத்தேன். "தாயி, பைய எங்கிட்டயே குடுத்துடச் சொல்லு. நாலு மாத்திரை எனக்கு எண்ணத் தெரியாதா?"

அவர் யோசித்தார். "குடுக்கலாம் தாத்தா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒரு வேளை போட மறந்துட்டீங்க. அப்ப என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்த மாதிரி, அவர் பின்னால் நின்ற இவன் எனக்குக் கையை ஆட்டினான். விட்டது விட்டதுதான், சேர்த்துப் போடமாட்டேன் என்று சொல், சொல் என்று கையாலும் கண்ணாலும் சாடை காட்டுகிறான். தலையை இப்படி இப்படி ஆட்டுகிறான். வாயைத் திறந்து மூடுகிறான், கரைக்கு வந்த கெளுத்தி மீன் மாதிரி.

நான் பார்த்தேன். இவன் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறானா? விட்ட முறையைத் தராதவன், விட்ட முறையைக் கேட்காதே என்று எனக்குச் சாடை காட்டுகிறானா? இவன் காட்டிய சாடையில் பதில் சொல்லிப் பையை வாங்கினால், அந்தப் பை இவன் கொடுத்ததாகத்தானே ஆகும்?

"அடுத்த வேளைக்கிச் சேத்துப் போட்ருவேன்" என்றேன். சத்தமாகச் சொன்னேன். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

இவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். டாக்டரம்மா பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். "சரி தாத்தா. பை உங்க தம்பிகிட்டயே இருக்கட்டும். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார். அங்கேயே வளர்மதிக்குப் போன் போட்டார்கள். மூன்று மாதம் நான் ஊரிலேயே இருக்கலாம், அதற்கு அவள் சம்மதித்துவிட்டாள். அவனிடம்தான் பேசினாள், அரை மணி நேரம். என்னிடம் "சித்தப்பா சொல்றதக் கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கீழே இறங்கி வரும்போது இவன் என்னைத் திட்டுகிறான். "ஒரு பொய் சொல்லக்கூடாதாண்ணே? ஊரெல்லாம் பொய் சொல்லிப் பதினாலு மாத்திர வாங்குன ஆளு, ஒரே ஒரு பொய் சொல்லக்கூடாதா? எனக்கும் வயசாச்சு, எத்தன நாளைக்கு ஒனக்கு எண்ணிப் போட்டுக்கிட்டுக் கெடப்பேன்?" என்றான். குரல் கொஞ்சம் உடைந்த மாதிரி இருந்தது. நடிப்பு. பையைக் கையை விட்டு இறக்கவில்லையே?

என் கணக்கைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். விட்டது எட்டு நாள். அதில் இரண்டு நாளை நானே திருப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் போட்டதை டாக்டரம்மா ஊசி போட்டு முறித்துவிட்டார், அது சேராது. பாக்கி ஆறு நாள். பழைய விகிதத்தில் எண்பத்துநான்கு மாத்திரை. நான் அவ்வளவு பேராசைக்காரன் இல்லை. புது விகிதத்திலேயே கொடு, இருபத்துநான்கு போதும், ஒன்றிரண்டாகச் சேர்த்துக் கொடு என்று போன வாரம்கூட நின்று கேட்டேன். "ஆறு நாளா? ஒனக்கு ஆயுசு அறுபது வருசம் வேணும்னாலும் ஆத்தாகிட்டக் கேட்டு வாங்கித் தாரேன், இத மட்டும் தரமாட்டேன்" என்று கதவைச் சாத்திவிட்டான்.

பாருங்கள், எழுந்துவிட்டான். இங்கேதான் வருகிறான். தண்ணீர் பாட்டிலும் பொட்டலமும் கையில். ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், காலை மாத்திரை இன்னும் போடவில்லை. பொட்டலத்தில் இட்லி இருக்கும், பிச்சையம்மாள் கட்டிக் கொடுத்தது.

"அண்ணே, மொதல்ல இதத் தின்னு. தம்பி, கொஞ்சம் அந்தப் பாட்டிலப் பிடிச்சுக்கங்க, பஸ்ஸு குலுங்குது. ம்... சட்னியத் தொட்டுக்கண்ணே. இன்னொண்ணு. இன்னும் ஒண்ணு இருக்குல்ல, அதையும் தின்னு. சரி, கைய நீட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

போட்டுக்கொண்டேன். நீங்கள் சாட்சி, தம்பி, மூன்றையும் நீங்கள் பார்க்கத்தான் போட்டேன். இது இன்றைக்கு உரியது. அந்த ஆறு நாளுக்கு உரியது இதில் ஒன்றுகூட இல்லை.